மேசை ஓரத்துப் பாட்டில்கள்: ஒயின் ருசிப்பில் தேறியவையும் தேறாதவையும்

எந்த ஒயின் ருசிப்பிலும் கூட்டம் மேசையின் நடுவில்தான் மொய்க்கும். கபர்னே சோவினியோன், ஷார்டனே, ஷாம்பெய்ன் என்று பெயர் தெரிந்தவை அங்கே இருக்கும். அவை பெரும்பாலும் நினைத்தபடியே இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. ஓரத்தில் வேறு சில பாட்டில்கள் நிற்கும். பெயர் வாயில் நுழையாது, யாரும் கேட்காததால் முக்கால் பாட்டில் அப்படியே மிச்சமிருக்கும். ‘அட!’ என்று சொல்ல வைப்பவை அங்கேதான் அகப்படும். அந்த ஓரத்து வகைகளில் எவை வீட்டுக்கு வாங்கிப்போகத் தகுந்தவை, எவை மேசையில் மட்டும் ஜாலம் காட்டுபவை என்று இங்கே பார்க்கலாம். அளவுகோல் ஒன்றுதான்: இருபது நிமிடம் கழித்து அதே ஒயினிலிருந்து இன்னொரு மிடறு.

இருபது நிமிடம் எதற்கு? நாக்கு எதையும் தனியாக எடை போடாது, முந்தைய மிடறோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். கடும் துவர்ப்பான சிவப்பு ஒயினுக்கு அடுத்து லேசான இனிப்புள்ள எதை ஊற்றினாலும் அமிர்தமாகத் தெரியும். லிட்டருக்கு 6 முதல் 10 கிராம் சர்க்கரை மிஞ்சியிருந்தாலும், புளிப்பு சேர்ந்திருந்தால் அதைப் பலர் இனிப்பு என்று உணர்வதில்லை. ‘மென்மையாக இருக்கிறது’ என்பார்கள். அதே ஒயினைச் சாப்பாட்டோடு ஒரு முழுக் கோப்பை குடித்தால் பாதியில் திகட்டிவிடும். ருசிப்பில் கண்டெடுத்த புதையல்களில் பாதி இப்படி வந்தவைதான்.

கண்ணும் ஏமாற்றும். பிரான்சின் பொர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். முந்தைய அமர்வில் அதே ஒயினை வெள்ளை ஒயினுக்குரிய சொற்களால் விவரித்தவர்கள், இப்போது சிவப்புப் பழங்களின் வாசனைகளைப் பட்டியலிட்டார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. ஒயினைப் படிப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால் லேபிளைப் பார்த்துவிட்டு முகர்வதில் என்ன நியாயம்? ஊற்றுபவரிடம் சொல்லி, பெயரைக் கேட்காமல் முதல் மிடறை எடுப்பது நல்லது. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஒத்துழைப்பார்கள்.

மூன்றாவது எதிரி போதை. ஒரு ஊற்று 30 மில்லி. இருபது ஊற்றை விழுங்கினால் 600 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் ஐந்தில் நான்கு பங்கு. அதற்குப் பிறகு எல்லா ஒயினும் நல்ல ஒயின்தான். துப்புவதற்கான படிக்கம் மேசையில் அழகுக்காக வைக்கப்படவில்லை. துப்பினாலும் வாய்த்தோல் வழியாகவும், தப்பி உள்ளே போவதிலும் கொஞ்சம் ஏறும். ஆகவே வண்டி ஓட்டும் திட்டம் வேண்டாம்.

செய்முறை சிக்கலானது அல்ல. கோப்பை வாய் குறுகி, வயிறு பெருத்து இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ தர ருசிப்புக் கோப்பை சுமார் 215 மில்லி கொள்ளும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. சுழற்றுவதற்கு முன் ஒருமுறை முகருங்கள், சுழற்றிய பின் மறுமுறை. மெல்லிய வாசனைகள் முதல் முகர்வில் வரும், சுழற்றினால் ஓடிவிடும். ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, உதட்டிடுக்கில் காற்றை உறிஞ்சி, பத்து விநாடி நாக்கெங்கும் பரவவிட்டுத் துப்புங்கள். துப்பியபின் ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குள் மறைந்தால் சாதாரணம். பதினைந்தைத் தாண்டினால் கவனியுங்கள். ஒயினுக்கு ஒயின் கோப்பையைத் தண்ணீரில் அலச வேண்டாம். அடியில் தங்கும் தண்ணீர் அடுத்த 30 மில்லியை நீர்க்கவைக்கும், குளோரின் வாசமும் ஒட்டும். அடுத்த ஒயினிலேயே சில துளி விட்டு அலசிக் கொட்டுங்கள். தண்ணீர் குடிப்பதற்கு. துவர்ப்பு ஒயின்களுக்கு இடையில் இரண்டு நிமிடமாவது விடுங்கள்: துவர்ப்பைத் தரும் டானின் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக் கட்டியாக்கிவிடும், உமிழ்நீர் மறுபடி ஊறும்வரை அடுத்த ஒயின் அது செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து சொரசொரப்பாகத் தெரியும்.

இனி பாட்டில்கள்.

முதல் இடம் யோசிக்காமல் ஃபினோ ஷெர்ரிக்கு. ஷெர்ரி என்றாலே பாகு போன்ற இனிப்பு என்று பலர் நினைத்திருப்பதால் தொடாமலே கடந்துவிடுகிறார்கள். ஃபினோவோ, மேசையில் இருப்பவற்றிலேயே அறவே இனிப்பில்லாத ஒயினாக இருக்கக்கூடும். ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில், ஒயினில் திராட்சைச் சாராயம் சேர்த்து 15 சதவீத ஆல்கஹாலுக்குப் பலப்படுத்தி, பீப்பாயை நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுகிறார்கள். அந்த இடத்தில் ஈஸ்ட் வெள்ளைப் படலமாகப் படரும். ஃப்ளோர் என்று பெயர். அது காற்றை ஒயினிடம் விடாது. கூடவே ஒயினிலுள்ள கிளிசரினையும் தின்றுவிடும். அதனால்தான் ஃபினோவில் உருட்டு இல்லை, கத்தி போல் இறங்கும். பச்சைப் பாதாம், வெட்டிவைத்த ஆப்பிள், ரொட்டி மாவு என்று வாசனை வரும். ஆல்கஹாலை 17 சதவீதத்துக்கு ஏற்றினால் ஃப்ளோர் செத்துப்போகும், ஒயின் காற்றோடு கலந்து பழுப்பேறி ஒலொரோசோ என்ற வேறு ஷெர்ரி ஆகிவிடும். இரண்டு சதவீத வித்தியாசத்தில் இரண்டு வேறு உலகம். கடலோரத்து சான்லூக்கரில் முதிர்ந்தால் ஃபினோவுக்கு மன்சானியா என்று பெயர். உப்புக்காற்று பட்டது போன்ற ஒரு சுவை அதில் தனியாகத் தெரியும்.

ஃபினோ எங்கே கெடுகிறது? திறந்த பாட்டிலில். ஃப்ளோரின் பாதுகாப்பு பீப்பாயோடு முடிந்துவிடுகிறது. வெளியே வந்தபின் அது ஒரு மென்மையான வெள்ளை ஒயின் மாதிரிதான். குளிரில் மூடிவைத்தாலும் ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். இரண்டு வாரம் மேசையில் நின்ற பாட்டிலிலிருந்து ஊற்றினால் தங்கநிறம் கருத்து, நசுங்கிய ஆப்பிள் வாசம்தான் வரும். அதைக் குடித்துவிட்டு ஷெர்ரி பிடிக்காது என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். ‘எப்போது திறந்தீர்கள்?’ என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வாங்கும்போது பின்பக்க லேபிளில் பாட்டிலில் அடைத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள், ஓராண்டுக்குள் இருந்தால் நல்லது. 375 மில்லி அரை பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். 7 முதல் 9 டிகிரியில் பரிமாற வேண்டும். சாதாரண வெள்ளை ஒயின் கோப்பை போதும், பொம்மைக் கோப்பை வேண்டாம். ருசிப்பில் இதை முதலிலேயே குடித்துவிடுங்கள். பலப்படுத்திய ஒயின் என்று கடைசிக்கு ஒதுக்கினால், சிவப்புகளுக்குப் பின் வெறும் எரிச்சலாகத் தெரியும்.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கின் செமியோன் என்ற வெள்ளை ஒயின். இதில் ஆச்சரியம் ஒன்று அல்ல, இரண்டு. இளசாகக் குடித்தால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போல இருக்கும். ஆல்கஹால் 10 முதல் 11.5 சதவீதம்தான், ஏனென்றால் திராட்சையைச் சர்க்கரை ஏறும் முன்பே பறித்துவிடுகிறார்கள். எஃகுத் தொட்டியில் நொதிக்க வைத்துச் சில மாதத்தில் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மரத்தின் நிழல்கூடப் படாது. அதையே பத்து ஆண்டு கழித்துத் திறந்தால் வறுத்த ரொட்டி, தேன், கொட்டைகள் என்று ஓக் பீப்பாயில் கிடந்தது போல மணக்கும். தெரியாதவரிடம் கொடுத்தால் ‘பீப்பாய் வாசம் நன்றாக இருக்கிறது’ என்பார். அந்த ஒயின் பீப்பாயையே கண்டதில்லை. பாட்டிலுக்குள் நிகழும் முதிர்ச்சி மட்டுமே செய்யும் வேலை அது. இரண்டு வயதுப் பாட்டிலும் பத்து வயதுப் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அந்த ருசிப்பில் வேறெதையும் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. இடைப்பட்ட வயதில், மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள், பல பாட்டில்கள் வாயை மூடிக்கொள்ளும். புத்துணர்ச்சியும் போயிருக்கும், தேனும் வந்திருக்காது. அந்த வயதில் ருசித்துவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். பெரும்பாலும் திருகு மூடியோடு வருவதால் தக்கைக் கோளாறு பற்றிய பயமும் இல்லை.

தக்கைக் கோளாறு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஓரத்துப் பாட்டில்களில் கெட்டுப்போனவை கவனிக்கப்படாமலே நிற்கும், ஏனென்றால் அந்த ஒயின் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. தக்கையிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், ஈர அட்டைப்பெட்டி வாசம் வரும். அதைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் மோசம்: கெட்ட வாசம் தெரியாது, பழ வாசனை மட்டும் காணாமல் போகும், ஒயின் ஊமையாக நிற்கும். சுழற்றினால் இது போகாது, கூடும். மாறாக, எரிந்த தீக்குச்சி அல்லது அழுகிய முட்டை வாசம் வந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப் படாததால் வந்த கந்தகச் சேர்மம் அது. இரண்டு நிமிடம் அழுத்திச் சுழற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். வீட்டில் என்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டு ஒன்றை ஒரு நிமிடம் கோப்பையில் போட்டெடுத்தால் கந்தகத்தைச் செம்பு பிடித்துக்கொள்ளும். அட்டைப்பெட்டி வாசம் வந்தால் இன்னொரு பாட்டில் கேளுங்கள், தீக்குச்சி வாசம் வந்தால் பொறுத்திருங்கள்.

அம்பர் ஒயின் விஷயத்தில் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஜார்ஜியா நாட்டில் க்வெவ்ரி என்ற பெரிய மண் தாழியைக் கழுத்துவரை தரையில் புதைத்து, உட்புறம் தேன்மெழுகு பூசி, வெள்ளைத் திராட்சையைச் சாறு, தோல், விதையோடு சேர்த்துப் போட்டு மூடிவிடுகிறார்கள். கிழக்கே ககேத்தியில் காம்பும் உள்ளே போகும்; ஐந்தாறு மாதம் அப்படியே கிடக்கும். இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. கிடைப்பது வெள்ளைத் திராட்சையின் ஒயின்தான், ஆனால் நிறம் தேநீர் மாதிரி, துவர்ப்பு சிவப்பு ஒயின் மாதிரி. உலர்ந்த பாதாமி, ஆரஞ்சுத் தோல், வால்நட். ரகாட்சிடெலி என்ற திராட்சையில் செய்தது இந்த வகைக்கு நல்ல தொடக்கம். வெள்ளை என்று நினைத்துப் பனிக்கட்டியில் புதைத்துவிடுவார்கள், அதுதான் பெரும் தவறு. குளிர் ஏற ஏறத் துவர்ப்பு முரட்டுத்தனமாகும். 12 முதல் 15 டிகிரியில் கொடுத்தால்தான் அது பேசும்.

சிக்கல் என்னவென்றால், ‘இயற்கை முறை’ என்ற பெயரில் குறைகளும் கூடவே விற்பனைக்கு வருகின்றன. நகப்பூச்சு வாசம் தூக்கலாக இருந்தால் அது குணம் அல்ல, கெட்டுப்போகும் வழியில் இருப்பது. இன்னொன்று இன்னும் கள்ளத்தனமானது, எலி வாடை. முகர்ந்தால் தெரியாது, ஒயினின் புளிப்பில் அந்தச் சேர்மங்கள் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். துப்பியபின் உமிழ்நீர் புளிப்பைத் தணித்ததும், பத்து இருபது விநாடி கழித்து, தொண்டையருகே கூண்டு எலியின் வாடை கிளம்பும். ஒருவருக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமலும் போகலாம். உமிழ்நீர் ஆளுக்கு ஆள் மாறுபடும். பாட்டில் திறந்து நேரமாக ஆக இது கூடும் என்பதால் இருபது நிமிடச் சோதனை இங்கேதான் தன் கூலியைச் சம்பாதிக்கிறது. தேறிய அம்பர் ஒயின் அருமை. தேறாததை எந்தத் தத்துவமும் காப்பாற்றாது.

மஸ்கடே பெயரால் நஷ்டப்பட்ட ஒயின். இனிப்பான மஸ்கட் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. பிரான்சின் லுவார் நதி கடலில் சேருமிடத்தில் மெலோன் என்ற திராட்சையில் செய்யும் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் இது. சாதாரண மஸ்கடே மெலிசானது, தாகத்துக்கு நல்லது, அதற்குமேல் இல்லை. லேபிளில் க்ளிஸோன், கோர்ஜ், லே பல்லே என்ற ஊர்ப்பெயர்களில் ஒன்று இருந்தால் நில்லுங்கள். 2011 முதல் தனி அங்கீகாரம் பெற்ற இவை, செத்த ஈஸ்டின் மண்டியிலேயே நீண்ட காலம் ஊறுகின்றன. க்ளிஸோனுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு. அந்த மண்டி கரைந்துதான் ஒயினுக்குச் சதை பிடிக்கிறது. கிரேக்கத் தீவான சாண்டோரினியின் அசிர்டிகோ என்ற வெள்ளை ஒயினும் இதே வரிசையில் வரும், ஆனால் இரண்டு மடங்கு அழுத்தம். காற்றுக்குத் தப்பக் கொடியைக் கூடை போலத் தரையோடு சுற்றி வளர்க்கும் ஊர் அது. எரிமலைச் சாம்பல் மண். 14 சதவீத ஆல்கஹாலிலும் புளிப்பு சற்றும் தளராது. இரண்டும் தயக்கமின்றித் தேறின.

லம்ப்ரூஸ்கோ, இத்தாலியின் நுரைக்கும் சிவப்பு. இனிப்பு சோடா என்ற கெட்ட பெயர் அதற்குப் பழைய ஏற்றுமதிச் சரக்கால் வந்தது. லேபிளில் ‘செக்கோ’ என்று இருந்தால் இனிப்பில்லை என்று பொருள். சொர்பாரா வகை வெளிறிய ரோஜா நிறம், கூர்மையான புளிப்பு. கிராஸ்பரோசா கருஞ்சிவப்பு, துவர்ப்பு. முதலில் சொர்பாராவைத் தேடுங்கள். (அந்தக் கொடியின் மகரந்தம் மலடு, பக்கத்தில் வேறு லம்ப்ரூஸ்கோ வகையை நட்டால்தான் காய்க்கும். அப்படிக் காய்த்தும் குலைகள் நெருக்கமின்றித்தான் இருக்கும்.) 10 முதல் 12 டிகிரி போதும்.

இதுவரை சொன்னவை மேசையிலேயே மயக்குபவை. இதற்கு நேர்மாறாக, மேசையில் தோற்று வீட்டில் ஜெயிக்கும் ஒயின்களும் உண்டு. வட கிரேக்கத்தின் க்சினோமவ்ரோ என்ற சிவப்பு ஒயின் அதற்குச் சரியான உதாரணம். பெயருக்கே ‘புளிப்புக் கறுப்பு’ என்றுதான் அர்த்தம். நிறம் வெளிறிச் சாதுவாகத் தெரியும், வாயில் வைத்ததும் துவர்ப்பும் புளிப்பும் இரண்டு பக்கமும் இழுக்கும். 30 மில்லி, வெறும் வயிறு, நின்றுகொண்டே ருசிப்பது என்ற சூழலில் அதற்கு நியாயம் கிடைக்காது. முகர்ந்து பாருங்கள்: காய்ந்த தக்காளி, ஆலிவ், ரோஜா. வாசனை இவ்வளவு அடுக்கடுக்காக வந்து, ருசி பதினைந்து விநாடி தாண்டி நின்றால், வாய் மறுத்தாலும் ஒரு பாட்டில் எடுத்துவையுங்கள். ஒரு மணி நேரம் முன்பே வேறு ஜாடிக்கு மாற்றி, 16 டிகிரியில், கொழுப்பும் புரதமும் உள்ள உணவோடு வையுங்கள். டானின் உமிழ்நீரை விட்டுவிட்டு அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கார்மெனேர் கதை சுவாரசியம், ஒயின் அந்தளவுக்கு இல்லை. பொர்தோவில் கொடிகளை அழித்த ஃபைலாக்ஸெராப் பூச்சிக்குப் பின் ஏறக்குறைய மறைந்துபோனதாகக் கருதப்பட்ட இந்தத் திராட்சையை, 1994-இல் சிலி நாட்டில் மெர்லோ என்ற வேறு திராட்சையின் தோட்டங்களுக்குள் பிரெஞ்சு நிபுணர் ஜான் மிஷெல் புர்சிக்கோ அடையாளம் கண்டார். மெர்லோவைவிடப் பல வாரம் பிந்திப் பழுப்பது. இரண்டையும் ஒன்றாகப் பறித்ததால் சிலியின் ‘மெர்லோ’வில் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடித்துக்கொண்டிருந்தது. இன்று நன்றாகப் பழுத்ததும் கிடைக்கிறது, மிதமிஞ்சிப் பழுத்து ஜாம் ஆனதும் கிடைக்கிறது. நடுவில் நிற்பது குறைவு. ருசித்தபின் வாங்குங்கள், கதையைக் கேட்டு வாங்காதீர்கள்.

பிரான்சின் ஜூரா மலைப்பகுதியின் வான் ஜோன் எல்லோருக்கும் ஆனதல்ல. சவன்யான் திராட்சை, பீப்பாயை நிரப்பாமல் குறைந்தது ஆறு ஆண்டு மூன்று மாதம், மேலே ஈஸ்ட் படலம், 62 சென்டிலிட்டர் கொள்ளும் தனிப் பாட்டில். சோடோலோன் என்ற சேர்மம் அதில் கூடுதலாக இருப்பதால் வெந்தய வாசம் தெளிவாக வரும். முதல் மிடறில் முகம் சுளிப்பவர்கள் பாதிப் பேர். 14 முதல் 16 டிகிரியில், திறந்து சில மணி நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ஒயின் இல்லை.

கடைசி இடம், வரிசையில் மட்டும், போர்ச்சுகலின் மடெய்ராத் தீவு ஒயினுக்கு. மற்ற ஒயினைக் கொல்லும் சூடும் காற்றும் இதைச் செய்து முடிக்கும் கருவிகள். எளிய வகைகளைத் தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை மூன்று மாதமாவது சூடேற்றுகிறார்கள். உயர்ந்தவை கூரைக்கடியில் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வெயிலின் சூட்டை வாங்கிக் கிடக்கும். செர்சியல், வெர்டெல்யோ, போவல், மால்ம்சி என்ற வரிசையில் இனிப்பு கூடும். எவ்வளவு இனித்தாலும் அடியில் ஒரு புளிப்பு வெட்டிக்கொண்டே போகும், திகட்ட விடாது. முதலில் வெர்டெல்யோ கேளுங்கள். இருபது நிமிடம் கழித்து எடுத்த மிடறில் முதல் மிடறைவிட ஏறி நின்றது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். ஏற்கெனவே எல்லாம் நடந்து முடிந்துவிட்டதால், திறந்த பாட்டிலும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஓரத்தில் எத்தனை நாளாக நிற்கிறது என்று விசாரிக்கத் தேவையில்லாத ஒரே பாட்டில். வீட்டில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஒயின் தக்கையில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் புளிப்பும் ஆல்கஹாலும் தக்கையை மெல்ல அரித்துவிடும்.